கடுகளவு திருகு

எப்சிபா கணவனோடு பேசி ஒன்பது நாளாகியிருந்தது. அவளுடைய மடிக்கணினி மெதுவாகத் திறப்பதைப் பார்த்து, "உன்னை மாதிரியே" என்று ஞானசிகாமணி சொன்னதுதான் காரணம். சமாதானத்துக்காக அவன் நான்கு நாள் விசாரித்து, அதற்குப் பொருந்தும், கணினியை வேகமாக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு அட்டை ஒன்றை வாங்கிவந்து, தானே மாட்ட உட்கார்ந்தான். சூயிங்கம் பட்டை போலிருந்த அது தன் இடத்தில் சரியாகப் பொருந்தியது. அதைப் பிடித்துவைக்க வேண்டிய ஒரே திருகு மட்டும் கைநழுவித் தரையில் விழுந்து காணாமல் போனது.

"ஆடாதீங்க. மிதிச்சிரப் போறீங்க," என்றாள் எப்சிபா.

அவன் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டான். பிறகு இருவரும் டார்ச்சோடு தரையில் தவழ்ந்தார்கள்.

"தொலைக்கிறதுல மட்டும் நீங்க வேகம்தான்."

அவன் சிரித்துவிட்டான். அவளாலும் அடக்க முடியவில்லை. தங்கை வீட்டு விசேஷம், ஒழுகும் தண்ணீர்த் தொட்டி என்று ஒன்பது நாள் பேச்சும் மேசைக்கடியில் கொட்டியது.

நாற்காலிக் காலோரம் அவன் விரலில் திருகு தட்டுப்பட்டது. மெல்லக் கையை மூடிக்கொண்டான்.

"கெடச்சுதா?"

"இன்னும் இல்ல."

எப்சிபா அந்த மூடிய கையைச் சற்று நேரம் பார்த்தாள்.

"கட்டிலுக்கு அடியில நாம பாக்கவே இல்லியே," என்று டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினாள்.