பழசே போதும்

"புதுசை எடுத்துட்டுப் பழசைப் போட்டுக் குடுங்க மாமா" என்று லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள் சஃபியா.

ஜெகபர் அலி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். புது விண்டோஸான விஸ்டா வேண்டாம், பழைய எக்ஸ்பியே போடுங்கள் என்று குடவாசல் கடைத்தெருவில் அவர் கம்ப்யூட்டர் கடையைத் தேடி வருகிறவர்கள் அந்த வருஷம் நிறையப் பேர்தான். ஆனால் இது குவைத்திலிருந்து வந்து ரெண்டு மாசம்கூட ஆகாத லேப்டாப். கல்யாணம் முடிந்த கையோடு விமானம் ஏறிய ஜாஹித், ஊருக்கு வந்த நண்பனிடம் கொடுத்து அனுப்பியது. இன்டர்நெட் இணைப்பு கொடுத்து, கேமராவைச் சரிபார்த்து, புருஷன் முகத்தை முதன்முதலாக அவளுக்குத் திரையில் காட்டிக் கொடுத்ததே ஜெகபர் அலிதான்.

"ஏம்மா, விஸ்டாவுக்கு என்ன குறைச்சல்? கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு."

"பளபளப்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இன்ஸ்டிட்யூட்ல நான் படிச்சது எக்ஸ்பி. இதுல ஒரு புரோகிராமைப் போட்டா, நெசமாத்தான் சொல்றியா, நெசமாத்தான் சொல்றியான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. எங்க மாமிகூட என்னை அவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க."

ஜெகபர் அலி சிரித்துவிட்டார். "கேக்கட்டுமே, பதில் சொல்லிட்டுப் போயேன். இந்த மாடலுக்கு எக்ஸ்பி போட்டா டிரைவர் கிடைக்காது புள்ள."

"டிரைவர் எதுக்கு? நான் என்ன காரா வாங்கியிருக்கேன்?"

"இந்தக் கிண்டல்தானே வேணாங்கிறது! உள்ள இருக்கிற ஒவ்வொரு சாமானும் வேலை செய்ய ஒரு புரோகிராம் வேணும். அதுக்குப் பேருதான் டிரைவர். கம்பெனிக்காரன் விஸ்டாவுக்கு மட்டும்தான் குடுத்திருக்கான். பழசைப் போட்டா நீ டைப் அடிக்கலாம், சீட்டு விளையாடலாம். கேமரா வேலை செய்யாது. சத்தமும் வராது."

இதைக் கேட்டதும் பதறிப்போய் லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் முகமோ மலர்ந்துவிட்டது.

"நிச்சயமா வராதா மாமா?"

"கண்டிப்பா வராது."

"அங்கேருந்து அவரு என்ன சொல்லிக் குடுத்தாலும் வராதா?"

"ஊஹூம்."

"அப்பப் போடுங்க."

ஜெகபர் அலிக்கு மனசு உறுத்த ஆரம்பித்தது. லேப்டாப்பில் இருந்த புகைப்படங்களை அழிந்துவிடாமல் ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் சண்டையா?"

"அவரோட எங்க சண்டை போடறது? நான் ஆரம்பிச்சாப் போதும், நெட்டு கட் ஆயிடுச்சும்பாரு."

"பொறவு என்ன? முகம் காட்டப் பிடிக்கலைன்னா கேமரா மேல ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டினா முடிஞ்சுது. அதுக்குப் போயி..."

"ஒட்டினா பிரிக்கச் சொல்வாரு. நெட்டு இல்லைன்னு சொன்னா உங்களை வீட்டுக்கு அனுப்பி வைப்பாரு. மெஷினே முடியாதுன்னு கையை விரிச்சாத்தான் விடுவாரு."

ஜெகபர் அலி எக்ஸ்பி சிடியை உள்ளே தள்ளினார். நாற்று முடிகளை ஏற்றிய டிராக்டர் ஒன்று கடையைக் குலுக்கிக்கொண்டு போயிற்று. திரையில் பச்சைப் பட்டை நகர நகர, அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப்போல உட்கார்ந்திருந்தாள்.

வேலை முடிந்ததும் அவளே சோதித்துப் பார்த்தாள். கேமராவைத் தேடினாள், இல்லை. ஒரு பாட்டை ஓடவிட்டாள், ஊமையாக ஓடியது.

"அல்ஹம்துலில்லாஹ்! ரொம்ப நல்லா இருக்கு மாமா."

"கெடுத்துக் குடுத்ததுக்கு என்னைப் பாராட்டின முதல் ஆளு நீதான்" என்றார் ஜெகபர் அலி. பிறகு குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டார். "இந்தா பாரு. உன் புருஷன் என்னை நம்பித்தான் இதை ஒப்படைச்சான். அவன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். விஸ்டாவைத் திரும்பப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்லிடுவேன், ஆமா."

சஃபியா வாய் திறப்பதற்குள் அவர் செல்போன் அடித்தது. குவைத் எண்.

"மாமா, நான் ஜாஹித். சஃபியா அங்க வந்தாளா? கம்ப்யூட்டர்ல ரொம்ப நேரமா ஆளையே காணோம். மெஷின்ல ஏதும் கோளாறா? என்னன்னு சொல்லுங்க, நான் இங்கேருந்தே சரி பண்ணிடறேன்."

ஜெகபர் அலி போனைக் கையால் பொத்திக்கொண்டு, இப்போது என்ன சொல்லப்போகிறாய் என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

அவள் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. கண் கலங்கச் சன்னமாகச் சொன்னாள்:

"நோன்புப் பெருநாளைக்கு ஊருக்கு வர்றதா இருந்தாரு மாமா. இந்தக் கேமரா வந்ததுலேருந்து, தினம்தான் பார்த்துக்கறோமே, அடுத்த வருஷம் வர்றேங்கறாரு."

ஜெகபர் அலி பொத்திய கையை எடுத்தார்.

"கோளாறு கொஞ்சம் பெரிசுதான் தம்பி. இது போன்ல சொல்லித் தீராது. நீயே நேர்ல வந்தாத்தான் ஆகும்."