ஆறு பக்கமும் கையெழுத்து

"பெட்டியை நீங்க தொடாதீங்க மாஸ்டர். நானே பிரிக்கறேன்."

தன் வண்டி எஞ்சினுக்கு வாங்கிய புது டைமிங் செயின் செட் இருந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ரிட்டயர்டு வாத்தியார் கலோ ஐயா நீலப் பேனாவை எடுத்தார். பெட்டியின் ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷம் பிராகிரஸ் ரிப்போர்ட்டில் போட்டுப் பழகிய கை. கடைசி எழுத்தின் வால் மட்டும் வளைந்து வளைந்து கீழே போகும்.

"எதுக்கு ஐயா கையெழுத்து?" என்றான், ஊரே 'மாஸ்டர்' என்று கூப்பிடும் மெக்கானிக் ஓல்கர்.

"மாத்தி வச்சிடக் கூடாதில்ல? உங்களைச் சொல்லலை. பொதுவாச் சொன்னேன்."

பொதுவாகச் சொன்னதற்கு, ஒர்க்‌ஷாப்பில் காத்திருந்த டாக்ஸிக்காரர்கள் அத்தனை பேரும் ஓல்கரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"செயின் மட்டும் போதும்னுதானே கேட்டேன்? பல்சக்கரம், கைடு, டென்ஷனர்னு கல்யாண லிஸ்ட் மாதிரி எழுதிக் கொடுத்தீங்க. கடைக்காரர் உங்களுக்கு என்ன தர்றாரு?"

"ஒண்ணும் தர்றதில்ல ஐயா. ஒரிஜினல் வேணாம், வெளிக்கம்பெனி செட்டே போதும்னு நான்தானே சொன்னேன்? ஆனா தேஞ்ச பல்லுல புதுச் செயினை மாட்டினா, அதுவும் சீக்கிரம் தேஞ்சிடும்."

"சரி சரி. வேலையைப் பாருங்க."

பரீட்சை ஹாலில் உட்காருவது போல ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் உருளைக்கிழங்கு அடையைச் சாப்பிட்டபோதும் கண் எடுக்கவில்லை.

"செயின்ல நிறம் பூசின அந்தக் கண்ணி, சக்கரத்துல எந்தப் புள்ளிக்கு வரணும்?"

"இதுக்கு ஐயா."

"காட்டுங்க. ம். அடுத்தது?"

புது டென்ஷனரில் கம்பெனியே செருகி அனுப்பும் பின்னை ஓல்கர் உருவினான். எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். மூடி மாட்டி, சாவியைத் திருப்பினான்.

காலையில் 'கட கட கட கட' என்று தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டின மாதிரி கத்திய வண்டி, இப்போது 'ஸ்ஸ்ஸ்' என்று தூங்கும் பூனை போல ஓடியது.

கலோ ஐயா முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்போதுதான் ஓல்கர் பழைய செயினை எடுத்துக்கொண்டு கட்டர் பக்கம் போனான்.

"எங்கே எடுத்துட்டுப் போறீங்க?"

"வெட்டிடறேன் ஐயா. இல்லேன்னா இங்கேயே விட்டுட்டுப் போங்க. பழைய இரும்புல போட்டுடறேன்."

டாக்ஸிக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் ஊரான அம்பாத்தோவில், கழற்றின சாமானைப் புதுப் பெட்டியில் போட்டு, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். கேட்கவே வேண்டாம். 'விட்டுட்டுப் போங்க' என்று சொல்கிற மெக்கானிக்கிடம் யாரும் இரண்டாம் தடவை போவதில்லை.

"இதைத்தான் எதிர்பார்த்தேன்." காலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக் குரல் வந்துவிட்டது ஐயாவுக்கு. "டீசல்ல கழுவி, புதுசுன்னு எவனாவது ஏமாந்தவன் தலையில கட்டலாம்னு பாக்கறீங்க. நம்ம ஊரு இப்படித்தான் கெட்டுப்போச்சு."

"அப்படி யாரும் பண்ணிடக் கூடாதுன்னுதான் ஐயா வெட்டறேன்."

"வெட்டிட்டா, அது நிஜமாவே தேஞ்சு நீண்டு போயிருந்துச்சான்னு நான் எப்படி அளந்து பாக்கறது? என் பொருள். பெட்டியில போடுங்க. ஒண்ணு விடாம."

"மாஸ்டர் மாட்டிக்கிட்டாருடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓல்கர் ஒண்ணு விடாமல் போட்டான். அந்த வாரமே மூன்று டாக்ஸிக்காரர்கள் வேறு ஒர்க்‌ஷாப்புக்கு மாறினார்கள்.

மூன்று வாரம் கழித்து, 'கட கட கட கட' என்று ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. மரியுக்ஸி இறங்கினாள். பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் பானோஸ் ஊருக்குப் போகும் மலை இறக்கத்தில் போய் வருகிறவள்.

"செயின் செட் நானே வாங்கிட்டேன் மாஸ்டர். பாதி விலை. என் வேனும் கொடுத்தவரு வண்டியும் ஒரே எஞ்சின். வாங்கி வச்சாராம், மாட்டறதுக்குள்ள வண்டியை வித்துட்டாராம்."

பெட்டியை மேஜையில் வைத்தாள். ஆறு பக்கமும் நீலக் கையெழுத்து. வால் வளைந்து வளைந்து கீழே போனது.

ஓல்கர் திறந்தான். செயின் பளபளத்தது. டீசல் வாசனை. டென்ஷனரில் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு வளைந்த கம்பி.

"மரியுக்ஸி, இது பழசு. நான்தான் கழட்டினேன். இந்தக் கைடுல பாரு, செயின் ஓடின தடம் எவ்வளவு ஆழமா இருக்குன்னு. இதை மாட்டினா நடு இறக்கத்துல எஞ்சின் நின்னுடும். பின்னாடி பிள்ளைங்க இருக்கும்."

அவள் கைடைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"வேணாம்மா. வெட்டிடறேன்." ஓல்கர் கட்டரை எடுத்தான்.

அவள் பெட்டியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அந்தக் கையெழுத்தையாவது பாரு. கலோ ஐயாவோடது."

"தெரியாதா எனக்கு? நாலாம் கிளாஸ் ரிப்போர்ட்டுல பாத்த கையெழுத்து. நீங்கல்லாம் மாத்தி வச்சிடக் கூடாதுன்னுதான் போட்டிருக்காரு."

வேனில் ஏறி உட்கார்ந்தாள். கட கட கட கட.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"மெக்கானிக்குங்க பழசுன்னுதான் சொல்வாங்க, வெட்டிடறேன்னுகூடச் சொல்வாங்க, நம்பாதேன்னு ஐயா அப்பவே சொன்னாரு."