மானுக்குப் புரியாதது

நிறுத்தியிருந்த வேனின் கறுப்புக் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையே கடற்கரையில் திரியும் மான் ஒன்று முட்டிக்கொண்டிருந்தது.

“தன்னுணர்வு, தன்னறிவு, ஆத்ம ஞானம் எண்டு எத்தினை சொல் இருந்தாலும், முதற்படி இதுதான் அண்ணை. கண்ணாடிக்குள்ள நிக்கிறது நான்தான் எண்டு தெரியவேணும்,” என்று உற்சாகமாக விளக்கினார் உயிரியல் ஆசிரியர் இராகுலன். “மானுக்கு அது வேற மான்.”

“சொல்லி விளங்கப்படுத்த ஏலாதோ?” என்று கேட்டார் அருளம்பலம்.

“மானுக்கோ? உங்களுக்கென்ன விசரோ அண்ணை!” இராகுலன் சிரித்தார். “கண்ணாடியை மூடினால் சண்டை முடிஞ்சுது.”

அருளம்பலம் பாலையூற்றிலுள்ள தன் வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக் கண்ணாடியைப் போர்வையால் மூடினார்.

நினைவு மங்கிய மனைவி புஸ்பராணி அழுகையை நிறுத்தினாள்.

“அந்தக் கிழவியைக் கலைச்சுப்போட்டீங்களோ? இனி நான் மட்டும்தானே உங்களுக்கு?”

“ஓம் ராணி. நீர் மட்டும்தான்.”