நாலு கையெழுத்து

நூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவள் நான். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை.

மேடையில் என் பக்கத்தில் மூன்று அக்காக்கள். ஈட்டி எறிந்து ஜெயித்த பெரியக்கா, கரப்பான்பூச்சிமேல் செருப்பை எறிந்தால் ஜன்னல் கண்ணாடிதான் உடையும். டென்னிஸ் சாம்பியன் நடு அக்காவுக்குப் பந்து என்றாலே பயம். நீளம் தாண்டிய சின்னக்காவை மேடையேற்ற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

நாலையும் உண்மையில் ஜெயித்தவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து எங்கள் கைப்பைகளுக்குக் காவல் இருந்தாள். எங்கள் கடைக்குட்டி.

அந்தக் காலத்தில் விளையாட்டுச் சங்கத்தில் இரண்டு சட்டம். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒரே போட்டிதான்; அதற்குமேல் உடம்பு தாங்காதாம்.

அவளுக்குப் பதினாறு. உடம்பு நாலையும் தாங்கியது.

பதினெட்டைத் தாண்டிய அக்காக்கள் நாலு பேர் வீட்டில் சும்மாதானே இருந்தோம்? ஆளுக்கொரு பெயரைக் கொடுத்தோம். நாலு போட்டிக்கும் நாலு விதமாகத் தலை பின்னிக்கொண்டு போனாள். நடுவர்கள் முதுகில் இருந்த எண்ணைத்தான் பார்த்தார்கள்.

அவளுக்குப் பதினெட்டு ஆனபோது பெண்கள் போட்டியையே நிறுத்திவிட்டார்கள், பாவிகள்.

இப்போது ஐம்பது வருஷம் கழித்து, மைதானச் சுவரில் எங்களுக்குப் பித்தளைப் பலகை வைக்கிறார்களாம். அதற்குத்தான் இந்த விழா, இந்த மேடை. உண்மையைச் சொன்னால் நாலு சாதனையும் ரத்து. சொல்லாவிட்டால் அவள் பெயர் எங்கேயுமே இல்லை. மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாசலிலேயே அவள் என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்: "அக்கா, எதையாவது உளறி வைக்காதே. பேரு போனாப் போகுது. நான் ஓடினது ஓடினதா இருக்கட்டும்."

சங்கச் செயலாளர் ஒரு தாளை நீட்டினார். எங்கள் கையெழுத்தை அப்படியே பலகையில் செதுக்கப் போகிறார்களாம்.

பெரியக்காவில் ஆரம்பித்துத் தாள் கை மாறி வந்தது. மூவரும் பரீட்சை எழுதுவதுபோல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள்.

நான் ஒரு முடிவோடுதான் வந்திருந்தேன். என் பெயருக்குப் பதில் கடைக்குட்டியின் பெயரை எழுதிவிடுவது. கையெழுத்தை எவன் உட்கார்ந்து படிக்கப் போகிறான்?

தாள் என்னிடம் வந்தது.

மேலே மூன்று கையெழுத்து. மூன்றும் கடைக்குட்டியின் பெயர்.

பெரியக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் சீக்கிரம் போடுடி என்பதுபோல் என்னை முறைத்தார்கள். போட்டேன். கண் கலங்கியதில் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

செயலாளர் தாளை மூக்கருகே தூக்கிப் பிடித்தார். "நாலும் ஒரே மாதிரி இருக்கே?"

பெரியக்கா அசரவே இல்லை. "ஒரே வீட்டுப் பொண்ணுங்க சார். பின்னே எப்படி இருக்கும்?"