கல்லில் இருப்பவன்

போரில் செத்துவிட்டான் என்று நம்பி, அந்தச் சிறிய பிரெஞ்சுக் கிராமத்தார் தேவாலய வாசலில் நட்ட நினைவுக்கல்லில் அன்செல்மின் பெயரையும் பொறித்துவிட்டார்கள். அவனோ எதிரியின் சிறைமுகாமிலிருந்து திரும்பி வந்துவிட்டான். பெயரைச் செதுக்கி எடுத்தால் கல் பிளந்துவிடும் என்று மேயர் அப்படியே விட்டுவிட்டார். ஆண்டுதோறும் நவம்பரில், போர் முடிந்த நாளன்று, அவர் பெயர்களை வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் "நாட்டுக்காக இறந்தார்" என்று கூட்டம் சொல்லும். அன்செல்மின் பெயர் வரும்போது அவன் மனைவி ஒதிலின் குரல் எல்லோரையும் மிஞ்சும். வீட்டில் அவனுக்கு நேற்றைய சூப். கல்லுக்குப் புதுச் செவ்வந்தி.

"உயிரோட நிக்கிறேனே, அந்தப் பூவை என்கிட்ட குடுத்தா என்னடி?"

"நீங்க குடிச்சிட்டு வந்து கத்துவீங்க. கல்லுல இருக்கிறவரு ஒருநாளாவது கத்தியிருக்காரா?"

மற்ற பெயர்களிலெல்லாம் பாசி ஏறியிருக்க, தன் பெயர் மட்டும் தேய்த்துக் கழுவிப் பளிச்சென்று இருந்ததைக் கண்டபோது அவனுக்கு வயிறு எரிந்தது. இந்த ஆண்டு மேயர் "அன்செல்ம்" என்றதும், கூட்டத்தின் பின்னாலிருந்து "இருக்கேன்!" என்று கத்தினான்.

யாரும் சிரிக்கவில்லை. ஒதில் ஈரக் கண்களோடு திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

"சும்மா இருங்க. அவரைக் கூப்பிடுறாங்க."