பதில் எழுதினவள்

போன மாதம் பாடகியின் வீட்டு வாசலை விட்டு நகர மாட்டேன் என்று ரகளை செய்து, போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்ட அந்த ரசிகை, சமரச அறையில் பெட்டிப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். வெளுத்த கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எதிரே, ரசிகர்கள் பாடகியோடு பேசும் கைபேசிச் செயலியில், பாடகியின் பெயரில் இரண்டு வருஷமாக அந்த ரசிகைக்குப் பதில் எழுதிய தட்டச்சுக்காரி. நாளுக்கு நூறு ரசிகர்களுக்கு எழுதுகிறவள். அதில் ஒருத்தியை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தலை நிமிரவே இல்லை.

"இந்தப் பொண்ணு எங்க ஆளே இல்லம்மா," என்றார் செயலி நிறுவனத்தின் வக்கீல். "வெளியில விட்ட வேலை. பதிலைப் பாடகியே எழுதணும்னு இல்லைன்னு நிபந்தனையில போட்டிருக்கு. நீங்களும் சரின்னு டிக் அடிச்சிருக்கீங்க."

தட்டச்சுக்காரிக்குப் புரிந்துவிட்டது. மொத்தமும் தன் தலையில்தான் விடியப் போகிறது.

"நிபந்தனை கிடக்கட்டும் சார். இவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." அந்த அம்மாள் கைபேசியை நீட்டினாள். "'நான் யாருன்னு தெரிஞ்சுதான் வரச் சொல்றியா?'ன்னு கேட்டேன். 'உங்களைத் தெரியாமலா? வாங்க, கதவு திறந்தே இருக்கும்'னு பதில் வந்துது. இதை அவளைக் கேட்டு எழுதினியா?"

"இல்லம்மா." தட்டச்சுக்காரி நிமிராமலே சொன்னாள். "எல்லாருக்கும் போடறதுதான். அப்படி எழுதினாத்தான் விடாம பேசுவாங்கன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"அவ படிச்சாவது பாத்திருப்பாளா?"

"ஒரு வரிகூடப் பாத்ததில்லம்மா."

வக்கீல் பேனாவை மூடினார். "அவ்வளவுதான் விஷயம். உங்களை யாருன்னே தெரியாதுன்னு பாடகி போலீஸ்லயே எழுதிக் கொடுத்திருக்காங்க. முன்னப்பின்ன தெரியாத ரசிகைக்கு யாரும்மா கதவைத் திறப்பாங்க? எந்த நம்பிக்கையில பெட்டி படுக்கையோட கிளம்பிப் போனீங்க?"

அந்த அம்மாள் தட்டச்சுக்காரியையே பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. அதைத்தான் தட்டச்சுக்காரியால் தாங்க முடியவில்லை.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு என் பொண்ணு கூப்பிட்டுட்டான்னு நினைச்சுட்டேன் சார்."