தலைமாட்டுச் சுவர்

"நேத்தும் பொட்டுத் தூக்கம் இல்லம்மா. எதிர் மாடி செல்போன் கோபுரத்துல இருந்து வர்ற அலை மண்டையைக் குடையுது" என்றபடி மாமனார் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் செய்யாது மாமா. நான் படிச்சதே இதைப் பத்தித்தானே?"

"படிச்சவங்க அப்படித்தான் சொல்வீங்க. நுண்ணலையை உறிஞ்சற தகடு பண்ணுவியே, அதுல ஒண்ணு கொண்டாந்து என் தலைமாட்டுச் சுவர்ல ஒட்டு. நான் தூங்கறேனா இல்லையான்னு பாரு."

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரசவத்துக்குப் போன இடத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பிறகு, அவள் ஆய்வுக்கூடத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கணவன் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை.

ஆனால் கிழவரின் புலம்பல் ஓய்ந்தபாடில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் செருப்பை மாட்டினாள். "ஒரே ஒரு தகடு. அதோட ஆளை விடுங்க!"

பாலிமர் கூழில் பீங்கான் தூளைக் கலந்து, அச்சில் ஊற்றி, சூடேற்றி இறுகவைத்துக் கொண்டுவந்தாள். மாமனார் வளைத்துப் பார்த்தார். பிஸ்கட் மாதிரி படக்கென்று உடைந்தது.

"தூள் தூக்கலாப் போச்சு" என்று முணுமுணுத்தாள்.

தூளைக் குறைத்தாள். தகடு வளைந்தது. மாமனார்தான் வளைந்துகொடுக்கவில்லை. "அலை அப்படியே உள்ள வருதும்மா!"

"குத்துமதிப்பா சொன்னாலும் கரெக்டா சொல்லிட்டீங்க மாமா. இது பாதியைக்கூட உறிஞ்சலை!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த வீடு அவள் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

பிறகு தூளை இன்னும் நைஸாக அரைத்தாள். சாப்பிடும்போதும் கலவைப் பேச்சுதான். கடைசியில் வந்த தகடு வளையவும் செய்தது, அலையையும் விழுங்கியது. சுவரில் ஒட்டினாள்.

"அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன்!" என்றார் மறுநாள்.

"லேப்ல திரும்ப வந்து சேரச் சொல்றாங்க மாமா. சேர்ந்துடட்டுமா?"

"அதை ஏன் என்னைக் கேக்கற?" என்று முறைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வாசல் மணி அடித்தது. எதிர் வீட்டுக்காரர்.

"நாளைக்குக் கோபுரத்தைக் கழட்டறோம்மா. தூசி பறக்கும், ஜன்னலைச் சாத்தி வைங்க."

"நல்லதாப் போச்சு! மாமாவுக்கு இனிமே அலைத் தொல்லையே இல்லை."

"அலையா? அது ஓடாம ரெண்டு வருஷமாச்சே! போன மாசமே கழட்டியிருப்பேன். மருமக வேலைக்குத் திரும்பற வரைக்கும் விட்டு வைக்கச் சொல்லி, உங்க மாமாதான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டார்."